வாசித்துக் காட்டுகிறவர்கள்

“ஏதோ எர்ரர்னு வருதும்மா” என்றேன்.

“ஏதோன்னா என்னங்கம்மா? அப்படியே வாசிங்க” என்றாள் அவள்.

அப்படியே வாசிக்க எனக்கு வரவில்லை. கறுப்புத் திரை முழுக்க வெள்ளை எழுத்தில் வரிகள் நின்றன. பாதி எண்கள், பாதி அடைப்புக்குறிகள், நடுநடுவே ஆங்கிலச் சொற்களின் துண்டுகள். அவற்றில் எது பயமுறுத்துவதுபோல இருந்ததோ அதை மட்டும் எடுத்து வாசித்தேன். மற்றதை “அப்புறம் ஏதேதோ இருக்கு” என்று தள்ளிவிட்டேன். அவள் பொறுமை இழக்காமல், “கடைசி வரியிலிருந்து மேலே போங்கம்மா. ஒரு வரியையும் விடாதீங்க. புரியலைன்னா எழுத்து எழுத்தாச் சொல்லுங்க” என்றாள். கீழிருந்து ஏழாவது வரியில், நான் முதலில் கண்டுகொள்ளாத ஒரு சிறு வரியில், விஷயம் இருந்தது. பூச்சியம் என்ற எண்ணுள்ள ஒலி அட்டையைக் காணவில்லை என்று அது சொன்னது. “அவ்வளவுதானா” என்று சிரித்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

நான் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். வாசித்துக் காட்டுவது என் தொழில். இருபது ஆண்டுகளாக வகுப்பில் செய்யுளை வாசித்துக் காட்டி, பிரித்துக் காட்டி, பொருள் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். மேடையில் என் கவிதையை நானே வாசிக்கிறேன். என் எதிரே இருப்பவளுக்கு எது முக்கியம் என்பதை அவளைக் கேட்காமல் நானே முடிவு செய்து வாசித்தேன் என்பது அந்த ஏழாவது வரி வரும்வரை எனக்கு உறைக்கவில்லை. ஒருவருக்காக இன்னொருவர் வாசிக்கும்போது அங்கே என்ன நடக்கிறது? அது உதவியா, அதிகாரமா? இரண்டும் என்றால், உதவியை வைத்துக்கொண்டு அதிகாரத்தை மட்டும் கழற்றிவிட முடியுமா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. ஒரு கணினியின் அடிமடியில் போய் நான் அதைச் சந்தித்தேன் என்பது தற்செயல்.

*

அவள் என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்பவள். பிறவியிலேயே பார்வை இல்லை. கணினியில் அவள் பயன்படுத்துவது லினக்ஸ். அதன் வரைகலைத் திரையில் ஓர்கா என்ற திரைவாசிப்பான் அவளுக்கு எல்லாவற்றையும் பேசிக் காட்டும். கட்டுரை எழுதுவது, மின்னஞ்சல், நூலகப் பட்டியலைத் தேடுவது எல்லாம் அதில்தான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு புதுப்பித்தலுக்குப் பிறகு அவளுடைய மடிக்கணினியில் வரைகலைத் திரை எழும்பாமல் போயிற்று. பார்வையுள்ள ஒருவருக்கு அப்போது கறுப்புத் திரையில் பிழைச்செய்தி தெரியும். படித்துப் பார்த்து, தெரிந்ததைத் தட்டி, சரிசெய்ய முயலலாம். அவளுக்கு எதுவுமே இல்லை. ஓர்கா வரைகலைத் திரையோடு சேர்ந்து வாழ்வது. அந்தத் திரை விழுந்தால் அதுவும் விழும். இயந்திரம் ஓடுகிறதா, செத்துவிட்டதா என்பதுகூடத் தெரியாது. விசிறியின் இரைச்சலை வைத்து ஊகித்தாள்.

வேறு வழியில்லாமல் ஒரு கடைக்குக் கொண்டுபோனாள். கடைப் பையன் இரண்டு நாளில் சரிசெய்து கொடுத்தான். பழுது நீங்கியது. அடுத்த வாரம் அவளுடைய தொலைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. அவள் தன் தோழிக்கு எழுதி வைத்திருந்த, இன்னும் அனுப்பாத ஒரு கடிதத்தில் இருந்த ஒரு விஷயத்தைச் சொல்லி, “உங்களுக்கு இப்படி ஒரு கவலையா” என்று அந்தக் குரல் பரிவாகக் கேட்டதாம். மிரட்டல் இல்லை. கெட்ட வார்த்தை இல்லை. வெறும் பரிவு. அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. “சும்மா அனுதாபம்தாம்மா. அதான் தாங்க முடியல” என்றாள்.

அன்றைக்கு அவள் எடுத்த முடிவு இது. இயந்திரம் உடையும் நேரத்திலும் தன்னோடு பேச வேண்டும். உடைந்ததை இன்னொருவர் கண்ணில்லாமல் தானே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஸ்பீக்கப் வேண்டும் என்றாள். அவள் பயன்படுத்தும் லினக்ஸ் வழங்கலின் கெர்னலில் அது சேர்க்கப்படவில்லை. ஆகவே கெர்னலைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். மகளிர் விடுதியில் இரவெல்லாம் ஒரு கணினியை ஓடவிட முடியாது என்பதால் ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள்.

*

கெர்னல் என்றால் பருப்பு, விதைக்குள் இருக்கும் விதை. கணினியின் உறுப்புகளுக்கும் நாம் இயக்கும் நிரல்களுக்கும் நடுவே இருந்துகொண்டு, நினைவகத்தைப் பங்கிட்டு, விசைப்பலகையைக் கேட்டு, திரைக்கு எழுத்தை அனுப்புகிற அடிநிரல் அது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கெர்னலின் மூலநிரல் யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, தனக்கேற்பக் கட்டிக்கொள்ளத் திறந்து கிடக்கிறது. இன்று அது கோடிக்கணக்கான வரிகள்.

கட்டுவதற்கு முன்னால் அது கேள்வி கேட்கும். இந்த வன்பொருளுக்கான நிரல் வேண்டுமா, அந்த வசதி வேண்டுமா என்று ஆயிரக்கணக்கான கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ‘ஒய்’ என்றால் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிடு, ‘எம்’ என்றால் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் துண்டாக வை, ‘என்’ என்றால் வேண்டாம். பெரும்பாலானவர்கள் இதற்கு ‘மெனுகான்ஃபிக்’ என்ற பட்டியல் முறையைப் பயன்படுத்துகிறார்கள். அது திரையில் கட்டங்கள் வரைந்து, வண்ணப் பட்டையை மேலும் கீழும் நகர்த்தும். கண்ணுக்காகச் செய்தது. அதற்கு முன்பிருந்தே ‘மேக் கான்ஃபிக்’ என்ற பழைய முறை ஒன்று இருக்கிறது. ஒரு கேள்வி, ஒரு பதில், அடுத்த கேள்வி. இடையில் பின்னால் போக முடியாது. எல்லோரும் சலித்துக் கைவிட்ட முறை. காதால் வேலை செய்பவருக்கு அந்த வரிசைமுறை தோதானது. அவள் அதிலும் போகவில்லை. ஓடிக்கொண்டிருந்த கெர்னலின் பதில்களை அப்படியே நகலெடுத்து, அந்தக் கோப்பை எடிட்டரில் திறந்து, தனக்கு வேண்டிய வரிகளைத் தேடி மாற்றினாள். தேவையில்லை என்று நினைத்த இயக்கிகளை வெட்டினாள். அந்த வெட்டில் ஒலி அட்டைக்கானதும் போய்விட்டது. அதுதான் பிறகு வந்த ஏழாவது வரி.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன கேட்கிறார்கள் என்ற ஆவலில் கேள்விகளுக்குக் கீழே இருந்த விளக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். பல விளக்கங்களின் கடைசியில் ஒரே அறிவுரை திரும்பத் திரும்ப வந்தது. உறுதியாகத் தெரியவில்லை என்றால் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடு. பொறியாளரின் கண்ணில் இது நல்ல புத்திதான். தேவையில்லாத நிரல் சேர்ந்தால் பருமன் கூடும், பிழை கூடும். ஆனால் அணுகல் வசதிகளுக்கான பகுதிக்கும் அதே அறிவுரை. வேண்டுமா வேண்டாமா என்று உறுதியாகத் தெரியாதவர் யார்? அது தேவைப்படாதவர். தேவைப்படுகிறவருக்குச் சந்தேகமே இல்லை. ஆக, ஒரு பொதுக் கெர்னலைக் கட்டி லட்சம் பேருக்கு வழங்குகிறவர் பார்வையுள்ளவராக இருந்தால், அவருடைய சந்தேகம் அவளுடைய மௌனமாக முடியும். இதில் யாரும் யாரையும் வெறுக்கவில்லை. விலக்குவதற்கு வெறுப்பு தேவையில்லை என்பதைப் பெண்களாகிய நாம் பல அலுவலகங்களில், பல குழுக்களில் பார்த்திருக்கிறோம். பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத கட்டடத்தைக் கட்டியவர் பெண்களை வெறுத்திருக்க வேண்டியதில்லை.

*

ஸ்பீக்கப்பின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிர்க் ரைசர் தொடங்கியது அது. கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, எழுத்துத் திரையில் வருவதைப் பேச்சுக் கருவிக்கு அனுப்பும். அந்தக் காலத்தில் பேச்சுக் கருவி என்றால் டெக்டாக் போன்ற தனிப் பெட்டி. கணினியின் பின்புறம் சீரியல் கம்பியில் மாட்டுவார்கள். கெர்னல் கண் விழித்த சற்று நேரத்திலேயே அந்தப் பெட்டி பேசத் தொடங்கும். ஆனால் நீண்ட காலம் ஸ்பீக்கப் கெர்னலுக்கு வெளியே ஓர் ஒட்டாகத்தான் இருந்தது. புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் ஒட்டுப்போட்டு, பார்வையற்றவர்கள் தாங்களே கட்டிக்கொண்டார்கள்.

2010இல் அதைக் கெர்னலின் மூலநிரலுக்குள் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே என்றால் முழுதாக உள்ளே இல்லை. ‘ஸ்டேஜிங்’ என்ற ஓர் இடம் இருக்கிறது. தரம் இன்னும் போதாது, திருத்திக்கொண்டு வா என்று உட்காரவைக்கும் இடம். தமிழில் அதற்குத் திண்ணை என்றுதான் பெயர் வைப்பேன். திண்ணைவரை வரலாம், உட்காரலாம், தண்ணீர்கூடக் கிடைக்கும், நிலைப்படியைத் தாண்ட முடியாது என்ற ஏற்பாட்டை நம் ஊர்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2020 அக்டோபரில் வந்த 5.9 பதிப்பில்தான் ஸ்பீக்கப் அங்கிருந்து எழுந்து, அணுகல் வசதிக்கான முறையான அடைவுக்குள் போனது. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் திண்ணை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். காக்கவைத்ததற்குக் காரணம் இருந்தது. பழைய நிரல் சீரியல் கம்பியோடு நேரடியாகப் பேசியது. கெர்னலின் மற்றப் பகுதிகளுக்குத் தெரியாமல் அப்படிச் செய்வது ஆபத்து. அதைப் பொதுவழிக்கு மாற்றி எழுத வேண்டியிருந்தது. சாமுவேல் திபோ முதலிய சிலர் அந்த வேலையைப் பல ஆண்டுகள் இழுத்துச் சென்றார்கள். தரம் என்பது பொய்க் காரணம் அல்ல. ஆனால் தரத்துக்கான உழைப்பை யார் தோளில் வைக்கிறோம் என்பது தனிக் கேள்வி. கருவியை நம்பி வாழ்கிற சிறு கூட்டமே அதைத் தரப்படுத்தவும் வேண்டும் என்றால், அவர்கள் இரண்டு முறை வேலை செய்கிறார்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டு, நேரத்துக்கு வருவதில்லை என்ற புகாருக்கும் பதில் சொல்கிற பெண்ணைப் போல.

இன்னொரு வாதம் இதைவிட ஆழமானது. கெர்னலுக்குள் பேச்சு எதற்கு, அது வெளியே இருக்க வேண்டிய வசதி, கெர்னல் எல்லோருக்கும் பொதுவானது, தனித் தேவைகள் அதற்கு வெளியே பார்த்துக்கொள்ளப்பட வேண்டும் என்பது அந்த வாதம். நல்ல பொறியியல் வாதம். பிரெயில் காட்டிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் 1995இலிருந்து வெளியே இருந்துகொண்டே சிறப்பாக வேலை செய்கிறது. நானும் அந்த வாதத்தை ஒப்புக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன், அவள் ஒன்றைச் சொல்லும்வரை.

“அம்மா, கெர்னலுக்குள்ள எழுத்துரு இருக்கு தெரியுமா?”

இருக்கிறது. திரையில் லத்தீன் எழுத்துகளை வரைவதற்கான புள்ளிக் கட்டங்கள், எட்டுக்குப் பதினாறு என்ற அளவில், கெர்னலின் மூலநிரலுக்குள்ளேயே கோப்புகளாக இருக்கின்றன. இன்னொன்றும் இருக்கிறது. இயந்திரம் விழிக்கும்போது திரையின் மூலையில் காட்டுவதற்காக ஒரு பென்குவின் படம். தக்ஸ் என்ற அந்த லினக்ஸ் சின்னம். அதற்கும் ஒரு கேள்வி, ‘வேண்டுமா’ என்று. அந்தப் படத்தைக் காட்டாவிட்டால் எந்த வேலையும் நின்றுபோகாது. ஆனால், அது தனித் தேவை, வெளியே போ என்று அதை யாரும் திண்ணையில் உட்காரவைக்கவில்லை.

பொது என்று நாம் சொல்வதன் வயிற்றுக்குள் ஏற்கெனவே ஓர் உடல் இருக்கிறது. அந்த உடலுக்குக் கண் இருக்கிறது. அதன் தேவைகள் தேவைகளாகவே தெரிவதில்லை. அவை இயல்பு என்ற பெயரில் உள்ளே போய்விட்டன. மற்ற உடல்களின் தேவைகளுக்கு மட்டும் ‘தனி’ என்ற பெயர். பெண்ணியம் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடமே இது. மனிதன் என்று எழுதிவிட்டு ஆணை நினைப்பதைப் பிடித்துக் காட்டுவது. அந்தப் பாடத்தை இருபது ஆண்டு நடத்திய நான், பென்குவினைத் தாண்டிக்கொண்டு போயிருப்பேன். எனக்குக் கண் இருப்பதால்.

*

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகளிடமிருந்து கடிதம் வந்தால் பக்கத்து வீட்டுப் பையன் வாசித்துக் காட்டுவான். பதிலையும் அவனே எழுதுவான். மகள் புகுந்த வீட்டில் என்ன பாடுபடுகிறாள் என்பது அந்தக் கடிதங்களில் ஒருபோதும் வந்ததில்லை. “இங்கு அனைவரும் நலம்.” எழுதியவளுக்கும் தெரியும், கேட்பவளுக்கும் தெரியும், நடுவில் ஒரு பையன் இருக்கிறான் என்று. அவன் நல்ல பையன். ஒரு வார்த்தையை மாற்றி வாசித்தவன் அல்ல. அவன் நல்லவனாக இருந்தும் அந்தக் கடிதங்கள் ஊமைக் கடிதங்களாகவே இருந்தன. இன்னொருவர் கண் வழியாக வாசிக்க வேண்டியவளுக்கு எழுதப்படுவதே வேறு மாதிரி எழுதப்படும். அவளும் வேறு மாதிரிதான் எழுதுவாள்.

என் மாணவி இந்த வரிசையில் வந்தவள். மருத்துவ அறிக்கையை அண்ணன் வாசித்தான். வங்கிக் கடிதத்தை அப்பா வாசித்தார். தேர்வில் சொல்வதை எழுதுபவர் ஒருவர் உட்கார்ந்தார். அவருக்குத் தெரியாத சொல் அவள் விடைத்தாளில் தப்பாக விழுந்தது. மாதவிலக்கு பற்றிய ஒரு பரிசோதனை முடிவை அண்ணன் வாசிக்கக் கேட்டதை அவள் ஒருமுறை என்னிடம் சொன்னாள். அண்ணன் வெட்கப்பட்டு, பாதியை விட்டுவிட்டு, “எல்லாம் நார்மல்தான்” என்றானாம். நார்மல் இல்லை என்பது இரண்டு ஆண்டு கழித்துத் தெரிந்தது. அவன் செய்ததும், கடைசி வரிகளை நான் “ஏதேதோ” என்று தள்ளியதும் ஒரே செயல்தான். இருவரும் அன்பால் சுருக்கினோம். சுருக்குகிறவர் எவராயினும், எது உனக்குத் தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறார்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதன் 22ஆவது பிரிவு அந்தரங்கத்துக்கான உரிமையைப் பேசுகிறது. அதன் வழியில் நம் நாட்டில் 2016இல் புதுச் சட்டமும் வந்தது. சட்டத்தில் இருக்கிற அந்தரங்கம், கணினி உடைகிற ஒரு செவ்வாய்க்கிழமையில் கடைப் பையனின் கையில் போய்விடுகிறது. எல்லாம் நன்றாக ஓடும்போது கிடைக்கிற அணுகலைப் பற்றித்தான் நாம் பெரும்பாலும் பேசுகிறோம். உரிமை உரிமையாக இருக்கிறதா என்பது உடையும் நேரத்தில்தான் தெரியும். திருமணம் நன்றாக இருக்கும்வரை தனக்கென்று வங்கிக் கணக்கு இல்லாதது ஒரு குறையாகவே தெரியாது என்று எத்தனை பெண்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

*

இங்கே என்னை நானே மறுத்துப் பார்க்க வேண்டும். யாரையும் சாராமல் வாழ்வதுதான் விடுதலை என்று நான் சொல்கிறேனா? சார்ந்திராத மனிதன் என்பதே ஓர் ஆண் கற்பனை என்று நாம்தானே சொல்லிவந்தோம்? எவா ஃபெடர் கிட்டே 1999இல் வந்த தன் ‘லவ்ஸ் லேபர்’ நூலில், சார்ந்திருத்தல் மனித வாழ்வின் விலக்க முடியாத உண்மை என்றும், சுதந்திரமான சமமானவர்களின் கூட்டமாகச் சமூகத்தைக் கற்பனை செய்யும் கோட்பாடுகள் சார்ந்திருப்பவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் ஒருசேர மறைத்துவிடுகின்றன என்றும் வாதிட்டார். பார்த்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விடுதியில் என் மாணவிக்கு இரவு பதினொரு மணிக்குப் பாடம் வாசித்துக் காட்டிய அறைத்தோழியின் உழைப்பு எந்தக் கணக்கிலும் வரவில்லை. இயந்திரம் வந்துவிட்டது, இனி மனிதர் வேண்டாம் என்று சொன்னால், அந்த உழைப்பை இரண்டாம் முறையும் அழித்ததாகும்.

அதனால் கேள்வியைச் சற்றுத் திருப்பிப் போட வேண்டும் என்று நினைக்கிறேன். சாய்வதா கூடாதா என்பதில் சிக்கல் இல்லை. யாரிடம், எப்போது, எவ்வளவு சாய்வது என்பதைச் சாய்கிறவர் தீர்மானிக்க முடிகிறதா? அன்றிரவு என் மாணவி எண்ணற்றவர்களைச் சார்ந்துதான் இருந்தாள். ரைசரை, திபோவை, ஒலி இயக்கியை எழுதிய யாரோ ஒருவரை, கம்பைலரை எழுதியவர்களை. அவர்களில் ஒருவருக்கும் இவள் யாரென்று தெரியாது. அவர்கள் உதவியதற்காக இவளுடைய கடிதத்தைப் படிக்க வேண்டியதில்லை. இவள் நன்றியோடு தலைகுனிய வேண்டியதும் இல்லை. தெருவிளக்கின் கீழ் நடப்பவள் மின்வாரிய ஊழியரைச் சார்ந்திருப்பதைப் போன்ற சார்பு அது. நாம் பார்வையுள்ளவர்கள் அனுபவிக்கும் சார்பெல்லாம் பெரும்பாலும் அந்த வகைதான். அதனாலேயே அது சார்பு என்று நமக்குத் தெரிவதில்லை. ஒரு கடைப் பையனிடமோ அண்ணனிடமோ என்னிடமோ முகம் காட்டி நிற்க வேண்டிய சார்பை மட்டும் அவளுக்கென்று விட்டுவைத்திருக்கிறோம்.

திரைவாசிப்பான் நல்ல வாசகர் அல்ல. ஏற்ற இறக்கம் தெரியாது. கவிதையையும் பிழைச்செய்தியையும் ஒரே தொண்டையில் சொல்லும். ஒரு கவிஞராக எனக்கு அது சகிக்கவில்லை. ஆனால் அது எதையும் விடாது, வெட்கப்படாது, “உனக்கு இது எதற்கு” என்று கேட்காது. எண்பலகையில் எட்டை அழுத்தினால் இந்த வரி, ஏழு என்றால் முந்தைய வரி, ஒன்பது என்றால் அடுத்த வரி. எதைத் திரும்பக் கேட்பது, எதைத் தாண்டுவது என்பது கேட்பவளின் விரலில் இருக்கிறது. அவளுக்குச் சுருக்கம் வேண்டுமென்றால் அவளே சுருக்கிக்கொள்வாள். டி. வி. ராமன் 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வும் இதைச் சுற்றித்தான். கணிதம் நிறைந்த ஆவணங்களைக் கணினி ஒலியாக்கும்போது, கேட்பவர் வெறுமனே கேட்டுக்கொண்டிராமல், சூத்திரத்துக்குள் தாமே மேலும் கீழும் போய்ப் படிக்கும்படி ஓர் அமைப்பைச் செய்தார். கேட்பது வாசிப்பாக மாறுவது அங்கேதான். என் வகுப்பில் நான் வாசிக்க, மாணவிகள் கேட்கிறார்கள். அவர்கள் கையில் ஏழும் ஒன்பதும் இல்லை.

*

குரலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், என் அவசரத்தைக் காட்டிக்கொடுப்பதற்காகவாவது. ஸ்பீக்கப் இன்று பெரும்பாலும் ஈஸ்பீக் என்ற மென்பொருள் குரலோடு சேர்ந்து வேலை செய்கிறது. அதன் இயல்புக் குரல் ஆண் குரல். முன்பு டெக்டாக்கின் முதன்மைக் குரலும் அதை உருவாக்கிய டென்னிஸ் கிளாட்டின் சொந்தக் குரலை ஒட்டியதுதான். இயல்பு என்றால் ஆண், பெண் என்றால் மாற்று. எனக்கு இது பழம்போல விழுந்தது. “ஏம்மா, உன் அந்தரங்கத்தையெல்லாம் ஒரு ஆம்பிளைக் குரல்லயா கேக்கிற? பெண் குரலுக்கு மாத்தேன்” என்றேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “அம்மா, அது ஆம்பிளையா பொம்பிளையான்னு உங்களுக்குத்தான் கேக்குது. எனக்கு வேகம்தான் கேக்குது.” அந்த ரோபோக் குரல் எவ்வளவு விரட்டினாலும் எழுத்துத் தெளிவு கெடாது, இனிமையான குரல்கள் வேகத்தில் குழறும் என்று விளக்கினாள். பிறகு தன் வழக்கமான வேகத்தில் ஓடவிட்டாள். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவள் பேசிக்கொண்டே அதைக் கேட்டு வேலை செய்தாள். அந்த அறையில் அப்போது வாசிக்கத் தெரியாதவள் நான். யாராவது எனக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

ஆண் குரல் இயல்பாக வைக்கப்பட்டது பற்றிய என் விமர்சனம் தவறு என்று இன்னும் நான் நினைக்கவில்லை. ஆனால் அவளுடைய அந்தரங்கத்தைப் பற்றி அவளைவிட நான் கவலைப்பட்டேனே, அதில் கடைப் பையனின் தொனி கொஞ்சம் இருந்தது.

*

மாலையில் தொடங்கிய முதல் தொகுப்பு முடிய நள்ளிரவு தாண்டியது. மறுதொடக்கம் செய்ததும் மௌனம். அப்போதுதான் நான் திரையை வாசித்ததும் ஏழாவது வரியும். பழைய கெர்னலுக்குத் திரும்பி, ஓர்காவின் துணையோடு ஒலி அட்டைக்கான வரியை மாற்றி, மீண்டும் கட்டக் கொடுத்தாள். இரண்டாம் முறை, மாறிய பகுதிகளை மட்டும் கட்டியதால் சீக்கிரம் முடிந்தது. திரையில் படம் இல்லை, சன்னல்கள் இல்லை. கறுப்பில் ஒரே ஒரு வரி, பயனர் பெயரைக் கேட்டு. அதை அந்தக் குரல் சொன்னது. அவள் எட்டை அழுத்தினாள். மறுபடி சொன்னது. மறுபடி அழுத்தினாள்.

முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். மென்பொருள் குரல் கெர்னலுக்கு வெளியே வாழ்கிறது. ஆகவே கெர்னல் விழித்து, ஒலி அட்டை விழித்து, அந்த நிரல் எழுந்த பிறகுதான் பேச்சு. அதற்கு முன்னால் ஏதாவது உடைந்தால் இன்னும் மௌனம்தான். எந்தக் கெர்னலை ஏற்றுவது என்று கேட்கும் தொடக்கப் பட்டியலும் பேசாது. பழைய பெட்டிக் கருவியைக் கம்பியில் மாட்டினால் கொஞ்சம் முன்னதாகக் கேட்கலாம். இன்றைய மடிக்கணினிகளில் அந்தத் துளையே இல்லை. தொடக்கப் பட்டியலை அவள் மனப்பாடமாகக் கடக்கிறாள். பொத்தானை அழுத்தி, விநாடிகளை எண்ணி, கீழ் அம்பை ஒருமுறை, எண்டர், மறுபடி கீழ் அம்பு இரண்டுமுறை, எண்டர். அந்த எண்ணிக்கை ஒரு புதுப்பித்தலில் மாறிவிட்டால் மீண்டும் யாராவது ஒருவர் கண் வேண்டும்.

அப்போது என்னைக் கூப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். “வருவேன்” என்றாள், “ஆனா அப்படியே வாசிக்கணும்.” அதற்காகப் பழகிக்கொண்டிருக்கிறேன். பேருந்தின் பெயர்ப்பலகை, மருந்துச் சீட்டு, தேநீர்க் கடையின் விலைப்பட்டியல் என்று அவள் கேட்பதை மேலிருந்து கீழாக, ஒரு வரியும் விடாமல், என் கருத்தைச் சேர்க்காமல் வாசிக்கிறேன். நான் நினைத்ததைவிடக் கடினமாக இருக்கிறது. முக்கியமில்லை என்று எனக்குப் படும் வரி வரும்போதெல்லாம் குரல் தானாகத் தாழ்ந்து வேகமெடுக்கிறது. அவள் அதைக் கண்டுபிடித்துவிடுகிறாள். “அந்த வரியை மறுபடி சொல்லுங்கம்மா” என்கிறாள்.